கதவுக்கு எத்தனை சல்ஃபர்? ரஸ்ட்டில் பேஸைக் காப்பாற்றப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ரஸ்ட் என்ற இணைய விளையாட்டில் நான் கட்டிய முதல் பேஸ், அதாவது வீடு, ஒரு நாள்கூட நிற்கவில்லை. வெள்ளவத்தை பிளாட்டில் இரவு ஒரு மணிவரை கண்விழித்து, கல் வெட்டி, மரம் வெட்டிக் கட்டியது. அடுத்த நாள் வேலை முடிந்து வந்து சேர்வருக்குள் நுழைந்தால், கையில் ஒரு கல்லும் தீப்பந்தமுமாகக் கடற்கரையில் நிற்கிறேன். ஓடிப்போய்ப் பார்த்தேன். நான்கு பக்கக் கற்சுவரும் கீறல் இல்லாமல் நிற்கிறது. கதவை மட்டும் காணவில்லை. கற்சுவருக்கு நடுவே மரக்கதவு போட்டிருந்தேன். உள்ளே நான்கு பெட்டியும் துடைத்து வைத்ததுபோல் காலி.

வந்தவன் பெரிய கெட்டிக்காரன் என்று அன்றைக்கு நினைத்தேன். பிறகு நானும் நாலு பேஸை உடைத்துப் பார்த்த பின்புதான் விஷயம் புரிந்தது. அவன் செய்தது வெறும் கணக்கு. எதை உடைத்தால் செலவு குறைவு, உள்ளே கிடைப்பது அந்தச் செலவுக்குக் கட்டுமா என்று பார்த்திருக்கிறான், அவ்வளவுதான். உடைக்கவே முடியாத பேஸ் ரஸ்ட்டில் கிடையாது. அந்தக் கணக்கு அவனுக்கு நட்டத்தில் முடியும்படி நாம் கட்டலாம். கீழே சொல்வதெல்லாம் அதற்கான வழிகள்.

ரஸ்ட்டைச் செய்வது ஃபேஸ்பஞ்ச் ஸ்டூடியோஸ் என்ற இங்கிலாந்து நிறுவனம். 2013 டிசம்பரில் முன்னோட்டமாக வந்து, 2018 பெப்ரவரியில் முழு விளையாட்டாக வெளியானது. ஏறக்குறைய ஒவ்வொரு மாதமும் ஏதாவது மாற்றுவார்கள். ஆகவே இங்கே தரும் எண்களை, பெரிய புதுப்பிப்பு வரும்போது ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் அவன் கணக்கைப் படியுங்கள்

அடுத்தவன் பேஸை உடைத்துக் கொள்ளையடிப்பவன்தான் ரெய்டர். அவனுடைய நாணயம் சல்ஃபர். நம்மூர்க் கந்தகம்தான். பாறையை வெட்டி, உலையில் உருக்கி, கரியோடு கலந்து வெடிமருந்தாக்கி, அதிலிருந்து வெடிகள் செய்ய வேண்டும். சாட்செல் ஒன்றுக்கு 480 சல்ஃபர் போகும். ரொக்கெட் ஒன்றுக்கு 1,400. சி4 ஒன்றுக்கு 2,200.

இனி உடைக்கும் செலவைப் பாருங்கள். தகரக் கதவு ஒன்றுக்கு 4 சாட்செல், அதாவது 1,920 சல்ஃபர். கற்சுவர் ஒன்றுக்கு 10 சாட்செல், 4,800 சல்ஃபர். சி4 என்றால் இரண்டு, 4,400. தகரச் சுவர் என்றால் 4 சி4, அதாவது 8,800 சல்ஃபர். சாட்செலால் உடைப்பவனுக்கு 23 வேண்டும். மரக்கதவுக்கு வெடியே தேவையில்லை. தீ வைத்தாலும் போகும், கையில் இருக்கும் ஆயுதத்தால் பொறுமையாகக் கொத்தினாலும் போகும். என் பேஸுக்கு நடந்தது அதுதான். அவன் ஒரு சல்ஃபர்கூடச் செலவழித்திருக்க மாட்டான்.

இந்த எண்களிலிருந்து ஒரு விஷயம் தெரிகிறது. சுவரை விடக் கதவு மலிவு. ஆகவே ரெய்டர் கதவு வழியாகத்தான் வருவான். வாசலில் இருந்து உங்கள் லூட் அறைவரை, அதாவது சேர்த்த சாமான் வைக்கும் அறைவரை, எத்தனை கதவு என்று எண்ணுங்கள். இரண்டு தகரக் கதவு என்றால் 3,840 சல்ஃபருக்கு உங்கள் வீடு விற்பனைக்கு இருக்கிறது. மூன்றாவது கதவு போட்டால் 5,760 ஆகும். அப்போது கற்சுவர் மலிவாகிவிடும், அவன் சுவர்ப் பக்கம் திரும்புவான். சுவரைத் தடிப்பாக்கினால் மறுபடி கதவுக்கு வருவான், அல்லது கூரைக்கு ஏறுவான். பேஸ் கட்டுவது என்றால் இந்த மூன்றையும் மாறி மாறி உயர்த்திக்கொண்டு போவதுதான். ஒன்றை மட்டும் வானளாவ உயர்த்துவது வீண்.

இடம்

காலி வீதியில் கடை போட்டால் வியாபாரம் நன்றாக நடக்கும், போகிற வருகிற எல்லோர் கண்ணிலும் படும். ரஸ்ட்டில் ரோட்டோரமும், ஆட்கள் சாமான் தேடி வரும் மொனுமென்ட் என்ற இடங்களின் அருகும் அப்படித்தான். புதியவர்கள் உள் ஒழுங்கைக்குள் போவது நல்லது. மரம், பாறை நிறைந்த, பெரிய கூட்டத்தின் கோட்டை எதுவும் கண்ணுக்குத் தெரியாத மூலை. பாறைக்கு முதுகு காட்டிக் கட்டினால் ஒரு பக்கக் கவலை குறைகிறது என்பார்கள். ஆனால் அதே பாறை மேலே ஏறி நின்று உங்கள் கூரைக்கு எவனாவது குதிக்கலாம். குதிக்க முடியுமா என்று கட்டுவதற்கு முன் நீங்களே ஏறிப் பாருங்கள். இதற்கு மேல் இடத்தைப் பற்றி யோசித்து நேரத்தைக் கொல்ல வேண்டாம்.

டிசி என்கிற அலுமாரி

டூல் கபோர்ட், சுருக்கமாக டிசி. பார்க்க ஒரு மர அலுமாரி, 1,000 மரம் செலவாகும். அந்த வட்டாரத்தில் யார் கட்டலாம், யார் கட்டக்கூடாது என்பதை முடிவுசெய்வது அதுதான். அதைப் பிடித்தவன் உங்கள் வீட்டுக்காரன் ஆகிவிடுவான். உங்கள் பெயரை அழித்து, தன் பெயரைப் போட்டு, நீங்கள் கட்டிய வீட்டில் உங்களையே சுவர் கட்ட விடாமல் செய்வான்.

ஆகவே டிசி இருக்கும் அறை பேஸின் நடுவே, எல்லாக் கதவுக்கும் உள்ளே இருக்க வேண்டும். அதற்கும் எண் அடித்துத் திறக்கும் ஒரு கோட் லொக் போடுங்கள். புதிதாகச் சேர்ந்த ஒருவரை முதல் நாளே டிசியில் சேர்க்க வேண்டாம். வெளிக் கதவின் லொக்கில் விருந்தினர் கோட் என்று தனியாக ஒன்று வைக்கலாம். அது தெரிந்தவர் கதவைத் திறக்கலாம், லொக்கை மாற்ற முடியாது. ஒரு வாரம் அதோடு பழகட்டும்.

டிசிக்குப் பசியும் உண்டு. சுவர் என்ன பொருளோ அந்தப் பொருளைத் தினமும் தின்னும். சின்ன பேஸ் என்றால் 24 மணி நேரத்துக்குக் கட்டிய செலவில் பத்தில் ஒரு பங்கு. பேஸ் பெருக்கப் பெருக்க அந்த விகிதமும் ஏறும். அலுமாரி காலியானால் வீடு தானாகவே உக்கத் தொடங்கும். கற்சுவருக்கு ஐந்து மணி நேரம், தகரத்துக்கு எட்டு. வெளியூர்க் கலியாணத்துக்கு இரண்டு நாள் போய்வந்தவனின் பேஸ் ரெய்டே இல்லாமல் கரைந்துபோவது இப்படித்தான். போவதற்கு முன் டிசியைத் திறந்து, எத்தனை மணி நேரத்துக்குச் சாமான் இருக்கிறது என்று பாருங்கள். அங்கேயே எழுதியிருக்கும்.

கொழும்புக் கோட்டை விழுந்த கதை எனக்கு இந்த இடத்தில் எப்போதும் ஞாபகம் வரும். 1655 இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டார்கள், 1656 மே மாதத்தில் போர்த்துக்கேயர் சரணடைந்தார்கள். பீரங்கியைவிடப் பசியும் நோயும்தான் உள்ளே இருந்தவர்களை அதிகம் தின்றன. இன்றைக்குக் கோட்டை என்ற பெயரும் ரயில் நிலையமும் இருக்கின்றன, மதிலைக் காணோம். சரி, டிசிக்குக் கல் போட மறக்க வேண்டாம்.

கதவு

புதியவர்கள் இழக்கும் பேஸ்களில் பெரும்பகுதி கதவில்தான் போகிறது என்பது என் அனுபவம். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் உலை எரிந்து 150 இரும்புத் துண்டு சேர்ந்ததும் செய்ய வேண்டியது தகரக் கதவு. துவக்கு அல்ல, கோடரி அல்ல. அதற்கடுத்த 100 துண்டில் கோட் லொக். சாவிப் பூட்டு மலிவுதான், ஆனால் சாவியோடு நீங்கள் செத்தால் அது உங்கள் உடலோடு கிடக்கும். உங்களைக் கொன்றவன் அதை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வருவான். கோட் லொக் என்றால் எண்ணை ஞாபகத்தில் வைத்தால் போதும். 1234, 0000, உங்கள் பிறந்த ஆண்டு வேண்டாம். வெளியாள் ஒருவன் நின்று ஒவ்வொரு எண்ணாகத் தட்டிப் பார்ப்பான். ஒவ்வொரு தவறுக்கும் ஷொக் அடிக்கும், அதையும் தாங்கிக்கொண்டு சுலபமான நாலைந்தைத் தட்டிவிட்டுத்தான் போவான்.

இன்னொன்று. லொக்கைப் பொருத்தினால் மட்டும் அது பூட்டாது, கோட் அடித்துப் பூட்ட வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் திறந்திருக்கிறது, சிவப்பு எரிந்தால் பூட்டியிருக்கிறது. சிரிக்காதீர்கள். என் கூட்டாளி ஒருவன் கொட்டாஞ்சேனையிலிருந்து விளையாடுபவன், இரண்டு வருடம் அனுபவமுள்ளவன், போன மாதம் பச்சை விளக்கோடு தூங்கப் போனான்.

அடுத்தது ஏர்லொக். ஒற்றைக் கதவு வீட்டில், நீங்கள் வெளியே போகக் கதவைத் திறக்கும் அந்த ஒரு நொடிக்காகப் புதருக்குள் ஒருவன் காத்திருப்பான். உங்களைச் சுட்டு, திறந்த கதவால் உள்ளே போய், எல்லாம் அள்ளுவான். செலவு நாலு தோட்டா. இதற்கு மருந்து, முதல் கதவுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு முக்கோண ஃபவுண்டேஷனை, அதாவது அடித்தளத்தைப் போட்டு, அதில் இரண்டாவது கதவு வைப்பது. உள் கதவைத் திறந்து அந்தச் சின்ன அறைக்குள் வாருங்கள், உள் கதவை மூடுங்கள், பிறகுதான் வெளிக் கதவு. வரும்போதும் அதே ஒழுங்கு. நீங்கள் செத்தாலும் அவன் ஒரு சின்ன முக்கோணத்துக்குள் நின்று பூட்டிய கதவைப் பார்ப்பான். செட்டியார் தெரு நகைக்கடைகளில் ஒரு கதவைத் தாண்டி இன்னொரு கதவுக்கு நிற்க வைக்கிறார்களே, அதே யோசனை.

இதில் தோற்பது பெரும்பாலும் அவசரத்தால். யாரோ துரத்துகிறான், கையில் நல்ல லூட், இரண்டு கதவையும் திறந்து போட்டுக்கொண்டு உள்ளே ஓடுகிறோம். துரத்துபவனும் கூடவே வருகிறான். அந்த நேரம் வீட்டுக்குப் போகாமல் காட்டுக்குள் ஓடிச் சாவது மேல். கையில் இருந்தது மட்டும்தான் போகும்.

அடுத்த கட்டம் கராஜ் கதவு. 300 இரும்புத் துண்டும் இரண்டு கியரும் வேண்டும். புறக்கோட்டைக் கடை ஷட்டர்போல மேலே சுருளும். அதை உடைக்க 9 சாட்செல், அல்லது 3 ரொக்கெட், அல்லது 2 சி4 வேண்டும். இந்த மூன்றில் எதுவானாலும் குறைந்தது 4,200 சல்ஃபர். கற்சுவரோடு கிட்டத்தட்டச் சமன். ஒரு தகரக் கதவைக் கராஜ் கதவாக மாற்றுவது இந்த விளையாட்டில் புதியவர் செய்யக்கூடிய மிக லாபமான வேலை என்பேன். ஒரு குறை, அது மெதுவாகத்தான் மூடும். ஆகவே வெளி வாசலில் சாதாரணக் கதவையும் உள்ளே கராஜ் கதவையும் வையுங்கள்.

சுவரின் மெலிந்த முகம், பிறகு கூரை

கற்சுவருக்கு இரண்டு முகம். வெளி முகம் கெட்டி. உள் முகம் மெலிந்தது, பிக்காசால் கொத்தியே உடைக்கலாம், வெடி தேவையில்லை. சுவர் தப்பான பக்கம் திரும்பி நின்றால் ரெய்டர் பத்துச் சாட்செல் மிச்சம் பிடிக்கிறான். வைத்து முதல் பத்து நிமிடத்துக்குள் சுத்தியலைக் கையில் எடுத்தால் சுவரைத் திருப்பலாம், அதன் பிறகு முடியாது. கட்டிய கையோடு வெளியே வந்து ஒரு சுற்று நடந்து பாருங்கள். பேஸைப் பின்னால் விரிக்கும்போதுதான் இந்தத் தவறு அதிகம் நடக்கும், ஏனென்றால் உள் எது, வெளி எது என்பது அப்போது மாறிப்போகிறது.

சுவர் வைத்ததும் முதலில் குச்சியாகத்தான் நிற்கும், அப்படிக் குச்சிச் சுவர் எதையும் மறந்து விட்டுவிடாதீர்கள். அதற்கு உயிர் 10 புள்ளி. மரத்துக்கு 250, கல்லுக்கு 500, தகரத்துக்கு 1,000, கவச உலோகத்துக்கு 2,000. மரச்சுவரில் ஓர் இரவுகூடத் தூங்க வேண்டாம். ஒரு சுவருக்கு 300 கல், கஷ்டமாக இருந்தால் வீட்டைச் சின்னதாக்குங்கள். இரண்டு சதுரமும் ஒரு முக்கோண ஏர்லொக்கும் தனி ஆளுக்குத் தாராளம். பெரிய வீடு பார்ப்பவனுக்கு ஆசையையும், டிசிக்குப் பசியையும் கூட்டும்.

அந்தச் சின்ன வீடு கல்லாகி, கதவு கராஜ் ஆன பிறகு ஹனிகோம்ப். அதாவது வீட்டைச் சுற்றி வெறும் முக்கோணங்களும் சதுரங்களும் வைத்து, அவற்றுக்கு வெளியே இன்னொரு சுற்றுச் சுவர். உள்ளே எதுவும் இருக்காது, தேன்கூட்டு அறைபோல வெறுமை. சுவர் வழியாக வருபவன் ஒன்றுக்கு இரண்டு உடைக்க வேண்டும், 4,800 என்பது 9,600 ஆகிவிடும். முதலில் டிசி இருக்கும் பக்கத்தைச் சுற்றுங்கள். ஒரே நாளில் நாலு பக்கமும் முடிக்க வேண்டியதில்லை.

கூரையைப் பலரும் மறக்கிறார்கள். ரஸ்ட்டில் மர ஏணியை அடுத்தவன் வீட்டுச் சுவரிலும் சாத்தலாம், டிசி தடுக்காது. ரெய்டர் ஏணி சாத்தி மேலே ஏறி, லூட் அறைக்கு நேர் மேலே வெடி வைப்பான். சுவருக்கு ஹனிகோம்ப் போட்டுவிட்டு ஒற்றைக் கூரையோடு விட்டால், அவன் செலவு பழையபடி ஒரு கற்சுவரின் விலைக்கு இறங்கிவிடும். குறைந்தது மேலே இன்னொரு மாடி எழுப்பி மூடுங்கள்.

ஒரே பெட்டியில் எல்லாம் வேண்டாம்

நகையை அலுமாரியிலும் அரிசி வாளியிலும் சாமிப் படத்துக்குப் பின்னாலும் பிரித்து வைக்கும் நம் அம்மாமார்தான் இதில் குரு. லூட் அறை என்று ஒன்றே ஒன்று வைத்தால் ரெய்டருக்கு அதற்குள் போக ஒரு வழி உடைத்தால் போதும். வெடிமருந்தையும் சல்ஃபரையும் ஒரு மூலையில், துவக்குகளை வேறு மாடியில், டிசிக்குள்ளேயே கொஞ்சம் என்று பிரியுங்கள். ரெய்டர் கையிலுள்ள வெடி தீரும்போது பாதிதான் எடுத்திருக்க வேண்டும்.

பேஸுக்கு வெளியே, நூறு அடி தள்ளி ஒரு மரத்தடியில் சின்ன ஸ்டாஷ், அதாவது ஒளித்துவைக்கும் பை ஒன்று புதைத்துவிடுங்கள். செலவு பத்துத் துணிதான். ஒரு துவக்கு, கொஞ்சம் தோட்டா, ஒரு கோட் லொக், ஒரு கதவு, ஊசிமருந்து. எல்லாம் போன நாளில் அந்தச் சாமான்தான் உங்கள் முதலீடு. செத்தபின் நீங்கள் எழும்பும் படுக்கைப் பைகளும் அப்படியே. பேஸுக்குள் ஒன்று, வெளியே வேறு வேறு திசையில் இரண்டு மூன்று. அருகருகே வைத்தால் ஒன்றைப் பயன்படுத்தியதும் மற்றதும் சேர்ந்து காத்திருக்க வைக்கும், ஆகவே தள்ளித் தள்ளி வையுங்கள்.

நீங்கள் தூங்கும் நேரம்

ரஸ்ட்டில் வெளியேறினால் உங்கள் ஆள் மறைவதில்லை. அங்கேயே தரையில் படுத்துத் தூங்குவான். ஒஃப்லைன் ரெய்டு என்பது அந்த நேரம் பார்த்து வருவது. நியாயமா என்று கேட்டால், இல்லை. ஆனால் விதிப்படி சரி, திட்டிப் பயனில்லை.

கொழும்பில் இருப்பவருக்கு முதல் கேள்வி, எந்த நாட்டுச் சேர்வர் என்பது. பிங், அதாவது இணையத் தாமதம் குறைவென்று சிங்கப்பூர் அல்லது இந்தியச் சேர்வர்களில்தான் நம்மவர்கள் ஆடுவார்கள். அங்கே இருப்பவர்களும் கிட்டத்தட்ட நாம் தூங்கும்போதே தூங்குவார்கள் என்பது நல்லது. ஐரோப்பியச் சேர்வரில் ஆடினால் நமக்கு நள்ளிரவு தாண்டும்போதுதான் அவர்களுக்குச் சாயந்தரம் களைகட்டும். பேஸ் பாதுகாப்புக்கு இதைவிடக் கெட்ட செய்தி இல்லை.

நாங்கள் கண்டுபிடித்த வழி கொஞ்சம் நம்மூர் வழி. என் பெரியம்மா மகன் ரொறன்ரோவில் இருக்கிறார். நமக்கு அதிகாலை மூன்று மணி, அங்கே கோடைகாலத்தில் பின்னேரம் ஐந்தரை. வேலை முடிந்து வந்து, தேத்தண்ணியோடு ஒரு மணி நேரம் பேஸில் காவல் இருப்பார். பிங் மோசம், சண்டை போட முடியாது. ஆனால் கதவை மூட, டிசிக்குக் கல் போட, வெடிச் சத்தம் கேட்டால் எங்களுக்கு வட்ஸ்அப்பில் போன் அடிக்க அது போதும். லண்டனிலோ கனடாவிலோ ஒரு சொந்தக்காரர் இல்லாத கொழும்புத் தமிழ் வீடு குறைவு. கேட்டுப் பாருங்கள், அண்ணா வேண்டாம் என்று சொல்ல மாட்டார்.

சொந்தக்காரர் இல்லாதவர்களுக்கு ரஸ்ட்+ என்ற கைபேசிச் செயலி இருக்கிறது. இலவசம். விளையாட்டுக்குள்ளிருந்து அதை இணைத்தால், நீங்கள் தூங்கும்போது உங்கள் ஆளை யாராவது கொன்றால் போனுக்குச் செய்தி வரும். குழுவோடு கதைக்கவும் முடியும். ஸ்மார்ட் அலாரம் என்று ஒரு பெட்டி உண்டு, அதற்கு மின்சாரம் போய்ச் சேர்ந்தால் போன் அலறும். வெடி அதிர்வை உணரும் சீஸ்மிக் சென்சரை அதோடு வயரில் இணைத்துவிட்டால், முதல் சாட்செல் வெடித்ததுமே போனுக்குத் தகவல் வரும். சோலர் பனலை மட்டும் நம்ப வேண்டாம், இரவில் அது சும்மா நிற்கும். பற்றரி ஒன்றைச் சேர்த்து, ரெய்டு வருவது பெரும்பாலும் இருட்டில் என்று நினைத்துக் கணக்குப் போடுங்கள்.

ஆள் வந்தால் தானாகச் சுடும் பொறி ஷொட்கன் ட்ராப், அது மின்சாரம் கேட்காது, கைத்தோட்டா போட்டால் போதும். ஏர்லொக்கைத் தாண்டியதும் முதல் திருப்பத்தில் ஒன்று வையுங்கள். தானாகக் குறிபார்த்துச் சுடும் ஓட்டோ டரெட்டுக்கு 10 அலகு மின்சாரமும், நீங்கள் கொடுக்கும் துவக்கும், தோட்டாவும் வேண்டும். கூட்டாளிகளை அதில் சேர்க்க மறந்தால் அது அவர்களையே சுடும். எங்கள் வீட்டில் சுட்டிருக்கிறது.

நிஜ மின்சாரத்தையும் சொல்ல வேண்டும். 2022 இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் கரண்ட் இல்லாத நாட்களைக் கண்டவர்கள் நாம். சண்டை நடுவே கரண்ட் போனால் உங்கள் ஆள் நின்ற இடத்திலேயே தூங்கிவிடுவான், கதவு திறந்தபடி. அந்த நாட்களில் ரவுட்டருக்கென்று வாங்கிய மினி யுபிஎஸ் வீட்டில் எங்காவது கிடக்கும், தேடி எடுங்கள். டெஸ்க்டொப் வைத்திருப்பவர்கள் அதற்கும் ஒன்று வாங்கலாம், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஒரு சுற்றுச் சுற்றினால் கிடைக்கும். பத்து நிமிடம் தாங்கினாலும் வீட்டுக்கு ஓடிக் கதவைப் பூட்டப் போதும்.

இந்த இராக்காவலே வேண்டாம் என்பவர்களுக்கு வேறு விளையாட்டுகள் உண்டு. கொனன் எக்ஸைல்ஸின் அதிகாரபூர்வச் சண்டைச் சேர்வர்களில் குறிப்பிட்ட மணி நேரத்துக்குள்தான் வீடு உடைக்கலாம். ஆர்க்கில் ஆள் இல்லாத நேரம் வீட்டுக்குக் காப்பு தரும் சேர்வர்களைத் தேடிச் சேரலாம். கணக்கு எல்லாவற்றிலும் ஒன்றுதான், வெடியின் பெயர் மாறும்.

சத்தம் கேட்டுவிட்டது

முதலில் சத்தம் போடாதீர்கள். விளையாட்டில் மட்டுமல்ல, வீட்டிலும். ஒருமுறை இரவு ஒன்றரை மணிக்கு நான் ஹெட்செட்டோடு "ரெய்டு! ரெய்டு வந்திட்டாங்கள்!" என்று கத்த, பக்கத்து அறையிலிருந்து அம்மம்மா எழுந்து வந்து அடையாள அட்டையைத் தேடத் தொடங்கிவிட்டார். வெள்ளவத்தையில் சுற்றிவளைப்புக் காலத்தைக் கண்டவர்களுக்கு அந்தச் சொல் விளையாட்டல்ல. அதன்பிறகு எங்கள் குழுவில் அதற்குச் சொல் "விருந்து".

சரி, விருந்து வந்துவிட்டது. வெடிகளை எண்ணுங்கள். நாலு சாட்செல் கேட்டுச் சற்று அமைதி என்றால் ஒரு தகரக் கதவு போயிருக்கும், எந்தப் பக்கம் என்று காது சொல்லும். அடுத்து வெடிக்குமா என்று காத்திருக்கும் நேரத்தில் கூட்டாளிகளைக் கூப்பிடுங்கள். கதவைத் திறந்து வெளியே பாய வேண்டாம். அவர்கள் விரும்புவது அதைத்தான், நீங்கள் திறக்கும் ஒவ்வொரு கதவும் அவர்களுக்கு இலவசம்.

டிசி அறைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியில் எப்போதும் 2,000 கல், கொஞ்சம் மரம், கட்டுமானத் திட்டத் தாள், சுத்தியல் இருக்கட்டும். ஒரு சுவர் போய் ஓட்டை விழுந்தால், டிசி உங்கள் கையில் இருக்கும்வரை அந்த இடத்தில் புதுச் சுவர் வைத்துக் கல்லாக்கலாம். அடிபட்ட சுவரை உடனே திருத்த முடியாது, அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். முழுதாகப் போன இடத்தில் புதிது வைப்பதுதான் வேகமான வேலை. ஒவ்வொரு புதுச் சுவருக்கும் அவன் இன்னொரு 4,400 சல்ஃபர் எடுக்க வேண்டும். எடுத்து வந்தது எண்ணிய அளவுதான் என்பதால், இரண்டு முறை அடைத்துவிட்டால் பல கூட்டம் அங்கேயே திரும்பிப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

செத்துவிட்டால் உள்ளே எழும்ப அவசரப்படாமல் வெளியே உள்ள பையில் எழும்புங்கள். ஸ்டாஷைத் தோண்டித் துவக்கை எடுத்து, அவர்கள் வந்த வழியில் பின்னால் போய் நில்லுங்கள். உள்ளே போகும் ரெய்டர் பின்னால் பார்ப்பதில்லை. அவன் முதுகுப் பையில் மிச்ச ரொக்கெட் இருக்கும்.

தோற்பது உறுதி என்று தெரிந்துவிட்டால் சண்டையை விடுங்கள். நல்லதைக் கையில் எடுத்துக்கொண்டு மறுபக்க ஜன்னலாலோ கூரையாலோ இறங்கி, இரண்டு மலை தாண்டி ஒரு புதருக்குள் தூங்குங்கள்.

அவர்கள் போன பின் டிசி உங்களிடமே மிஞ்சியிருந்தால், ஓட்டையை அடைப்பதற்கு முன் டிசியில் பெயர்ப் பட்டியலை அழித்து மறுபடி உங்கள் ஆட்களை மட்டும் சேருங்கள். எல்லா லொக்கின் கோட் எண்ணையும் மாற்றுங்கள். மூலைமுடுக்கில் அவர்கள் போட்டுவிட்டுப் போன படுக்கைப் பை இருக்கிறதா என்று ஒவ்வொரு அறையாகப் பாருங்கள், ஹனிகோம்ப் உள்ளேயும்கூட. டிசியும் போய்விட்டதென்றால் அந்த இடத்தை விட்டுவிட்டு ஸ்டாஷில் இருக்கும் கதவோடு வேறு மூலைக்குப் போங்கள்.

மாதத்தின் முதல் வியாழன் வைப், எல்லாச் சேர்வரிலும் எல்லாப் பேஸும் அழியும். லண்டனில் இரவு ஏழு மணிக்கு, நமக்குக் கோடைகாலத்தில் வியாழன் இரவு பதினொன்றரைக்கு, குளிர்காலத்தில் வெள்ளி அதிகாலை பன்னிரண்டரைக்கு. வெள்ளிக்கிழமை லீவு போடுவதென்றால் முதலிலேயே சொல்லிவையுங்கள்.